பிரான்சிய அரசரும் ஐந்து கோழிகளும்

பாவங்களில் பல வகை உண்டு. என்னுடையது சற்று அரிதான வகை. பிரான்ஸ் நாட்டு அரச குடும்பம் தலைநகரை விட்டுத் தப்பியோடிய குதிரை வண்டியில் ஐந்து கோழிகளை ஏற்றியவள் நான். கோழிகளோடு ஓர் உரலையும் ஏற்றினேன். உலக்கையை வேண்டுமென்றே மறக்க வைத்தேன். அரசர் பிடிபட்டதற்கு நான்தான் காரணம் என்று பிரான்சில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் புதுக்குடியிருப்பைச் சுற்றியிருந்த மூன்று பாடசாலைப் பிள்ளைகள் பல வாரங்களாக அந்தக் கோழிகளையும் உரலையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. தொண்ணூறுகளின் பின்பாதி, வன்னியில் போர்க்காலம். முரசுமோட்டையில் வயலும் வீடுமாக இருந்த எங்கள் குடும்பம், இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்புக்கு வெளியே உறவினர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டு இருந்தது. எங்கள் பாடசாலையும் எங்களோடு இடம்பெயர்ந்திருந்தது. (பாடசாலை இடம்பெயர்வது என்றால் கட்டடம் வராது. பாடசாலை அதிபர் வருவார், வரவு பதியும் இடாப்பு வரும், மணி வரும். எங்கள் மணியை யாரோ வழியில் தவறவிட்டதால் அதற்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு வந்தது.) உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன கட்டடத்தில் நாங்கள் பின்னேரம் படித்தோம். எங்கள் பதினோராம் ஆண்டு வகுப்புக்குக் கட்டடத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. வெளியே ஒரு கிடுகுக் கொட்டிலில், பால்மா வந்த மரப்பெட்டிகளில் உட்கார்ந்து, உலக வரலாறு படித்தோம்.

வரலாறு படிப்பித்தவர் பிலோமினா ரீச்சர். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்தவர். தகப்பன், சகோதரங்கள் எல்லோரும் கடற்றொழில். ரீச்சர் மட்டும் எப்படியோ புத்தகத்தின் பக்கம் வந்துவிட்டார். ஒல்லியான உருவம், பெரிய குரல். தன் வீட்டை விட்டு ஓடிவந்தபோது அவர் கொண்டுவந்தவற்றில் ஒன்று, அட்டை போய், முதல் பக்கமும் போய், எழுதியவர் பெயரே தெரியாமல் கிடந்த ஓர் உலக வரலாற்றுப் புத்தகம். அதை மாதா படத்தோடு சேர்த்து ஒரு சேலையில் சுற்றிக் கொண்டுவந்தாராம். அரசாங்கப் பாடப்புத்தகங்கள் போர் எல்லையான வவுனியாவைத் தாண்டி எங்களிடம் வந்து சேரவில்லை. ஆகவே எங்கள் முப்பத்தொரு பேருக்கும் உலகம் என்பது அந்த ஒரு புத்தகத்துக்குள்தான் இருந்தது.

ஒரு புத்தகத்தை முப்பத்தொரு பேர் எப்படிப் படிப்பது? ரீச்சர் ஒருநாள் வகுப்புக்கு பிளேட் கொண்டுவந்தார். எங்கள் கண்முன்னால் புத்தகத்தின் தையல் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். அறுக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அத்தியாயம் அத்தியாயமாகத் தாள்களைப் பிரித்து அடுக்கினார். திட்டம் இதுதான்: ஓர் அத்தியாயத்தை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அழகாகப் பிரதி எடுக்கவேண்டும். அடுத்த நாள் வகுப்பில் அதை அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதவேண்டும். பாடசாலைத் தவணை முடிந்ததும் ரீச்சர் எல்லாத் தாள்களையும் வாங்கி மறுபடி தைத்துவிடுவார்.

"ஒரு மூலை மடியக்கூடாது. ஒரு துளி தண்ணி படக்கூடாது. இது போனா எனக்கு இனி வேறை இல்லை, விளங்குதோ பிள்ளையள்?"

"ஓம் ரீச்சர்!" என்றோம் முப்பத்தொரு பேரும்.

பிரான்சியப் புரட்சி எனக்குக் கிடைத்தது. காரணம் என் கையெழுத்து. அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். அச்சடித்தது மாதிரி எழுதுவேன். எழுதுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எழுதிவிட்டுக் கொப்பியைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, தலையைச் சரித்து ரசிக்கவும் செய்வேன். (இப்போது யாராவது மாணவி அப்படிச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் குட்டவேண்டும் போல வருகிறது.) என் பக்கத்தில் இருந்த நிர்மலாவுக்குப் பிரான்சியப் புரட்சி மேல் ஓர் ஆசை இருந்தது. அவளுக்குக் கிடைத்ததோ கைத்தொழிற் புரட்சி.

"உனக்கு ராசா ராசாத்தி. எனக்குப் பஞ்சும் நிலக்கரியும்," என்று முகத்தை நீட்டினாள்.

"கையெழுத்து, நிர்மலா. எல்லாம் கையெழுத்து," என்றேன் நான். இந்த வாக்கியத்துக்காகவே பின்னால் நடந்ததெல்லாம் எனக்கு நடந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

பதினான்கு தாள்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை வேப்பமரத்தடியில் பாயை விரித்து, தாள்கள் காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வைத்து, எழுதத் தொடங்கினேன். பிரான்சில் பஞ்சம் வந்தது, பாண் விலை ஏறியது, மக்கள் சிறைக்கோட்டையை உடைத்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் தாளின் கடைசி வரி இப்படி முடிந்தது: "அரசர், அரசி, இரு பிள்ளைகள், அரசரின் சகோதரி ஆகிய ஐவரும் மாறுவேடம் பூண்டு, பெரியதொரு வண்டியில் ஏறி, இரகசியமாகத் தலைநகரை விட்டுப் புறப்பட்டனர்." அந்த இடத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். சாப்பிட்டேன். திரும்பி வந்தேன். பத்தாம் தாள் இருந்த இடத்தில் கல் மட்டும் இருந்தது.

எங்கள் சித்தப்பா முல்லைத்தீவில் கருவாடு எடுத்து மல்லாவி வரை கொண்டுபோய் விற்பவர். அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அது மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் கிளப்புவதற்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டவேண்டும். அந்த நாளில் பெற்றோல் மருந்து மாதிரி. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்து சொட்டுச் சொட்டாக விடுவார். அன்று காலை போத்தலின் மூடி எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. பெற்றோல் ஆவியாகிப் போகிறதே என்ற பதற்றத்தில் அவர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். நல்ல தடித்த, பழைய காலத்துத் தாள்கள் மரத்தடியில் வரிசையாக இருந்திருக்கின்றன. ஒன்றை எடுத்து இறுக்கிச் சுருட்டிப் போத்தல் வாயில் அடைத்துவிட்டு அவர் மல்லாவிக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் அவர் திங்கட்கிழமை திரும்பி வந்தபிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

"சித்தப்பா, கல்லு வைச்சிருந்தது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சதே! கல்லைக் கவனமா எடுத்து வைச்சிட்டுத்தான் தாளை எடுத்தனான். கல்லு அப்பிடியே கிடந்திருக்குமே?" என்றார், தன் பக்கம் ஒரு பிழையும் இல்லாத மனிதராக.

போத்தலிலிருந்து தாளை இழுத்தெடுத்தேன். பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் கருவாட்டிலும் ஊறி, மை எல்லாம் கரைந்து, கைபட்டதும் பிய்ந்தது. "அரசர்" என்ற ஒரு சொல் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

ஆனால் கதை திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்ததெல்லாம் தாள் இல்லை என்பது மட்டுமே. கோழிக்கூடு, குசினி, கிணற்றடி எல்லாம் தேடினேன். அழுதேன். ரீச்சரிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் நூலை அறுத்தபோது இருந்த முகம் நினைவுக்கு வந்தது. பிறகு நிர்மலாவின் முகமும் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டாவது முகத்துக்குத்தான் எனக்குக் கூடுதலான பயம்.

பதினோராம் தாளை எடுத்துப் பார்த்தேன். அது இப்படித் தொடங்கியது: "...இவ்வாறு சிறைப்பிடிக்கப்பட்ட அரச குடும்பத்தினர் மீண்டும் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டனர்." ஆக, புறப்பட்டது தெரியும். பிடிபட்டது தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் இல்லை. ஒரு தாளில், முன்னுக்கும் பின்னுக்குமாக, அப்படி என்னதான் நடந்துவிடும்? குடும்பமாக ஊரை விட்டு வெளிக்கிடுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? வன்னியில் அந்த விஷயத்தில் எல்லோரும் பண்டிதர்கள்.

குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு ராசா குடும்பம் ஊரை விட்டு இரகசியமா வெளிக்கிடுதெண்டு வையுங்கோ. என்னத்தைக் கொண்டு போவினம்?"

அம்மா நிமிரவே இல்லை. "எத்தினை பேர்?"

"ராசா, ராசாத்தி, ரெண்டு பிள்ளையள், ராசாவின்ரை தங்கச்சி."

"அஞ்சு பேர். அப்ப ரெண்டு சாக்கு அரிசி. சட்டி பானை. பாய். உரல்."

"உரலோ?"

"பின்னை? போற இடத்திலை ஆரின்ரை உரலிலை இடிக்கிறது? ஒருத்தியிட்டைப் போய் உரல் இரவல் கேட்டுப் பாத்தாத்தான் தெரியும் உனக்கு."

அம்மா இதை அனுபவத்தில் சொன்னார். முரசுமோட்டையில் இருந்து வெளிக்கிட்ட அன்று, உழவு இயந்திரப் பெட்டியில் உரலை ஏற்றியே ஆகவேண்டும் என்று நின்றவர் அவர். விசுவமடு வரை வந்தபிறகுதான் உலக்கையை ஏற்றவில்லை என்பது தெரிந்தது. அப்பா திரும்பிப் போகமாட்டேன் என்றார். அந்த உரல் உலக்கை இல்லாமல் எங்கள் கொட்டில் வாசலில் ஒரு வருடமாக நின்றது. அப்பா அதன்மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். அன்றும் அதில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்:

"கோழியளை என்ன செய்தவை?"

"கோழியளையும் கொண்டுபோனவையோ அப்பா?"

"விட்டிட்டுப் போனா ஆர் தீன் போடுறது? கூடையிலை வைச்சுக் கட்டிறதுதானே. எல்லாம் சரி, பாஸ் எடுத்தவையோ? பிணைக்கு ஆர் நிண்டது?"

(அந்த நாளில் வன்னியை விட்டு வெளியே போவதானால் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு இங்கே ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். பிணைக்கு ஆள் பிடிப்பது மாப்பிள்ளை பிடிப்பதைவிடக் கஷ்டம்.)

இவ்வளவு போதும். மரத்தடிக்குப் போனேன். பாடப்புத்தகத் தமிழில் எழுதினேன். அதன் சில பகுதிகள் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"அரசி உரலொன்றை வண்டியில் ஏற்றுமாறு பணித்தார். நான்கு பேடுகளும் ஒரு சேவலுமாக ஐந்து கோழிகள் கூடையொன்றில் வைக்கப்பட்டன. சிறிது தூரம் சென்ற பின்னரே உலக்கை ஏற்றப்படாமை அவதானிக்கப்பட்டது. எனவே வண்டி மீண்டும் அரண்மனைக்குத் திருப்பப்பட்டது. இஃது அரசரின் முதலாவது இராசதந்திரத் தவறாகும். அளவுக்கு மீறிய பாரத்தினால் வண்டி வழியில் பழுதடைந்தது. அரசரிடம் முறையான பாஸ் இருக்கவில்லை. அவருக்குப் பிணை நிற்கப் பிரபுக்களுள் ஒருவரும் முன்வரவில்லை. இது பிரபுக்கள் வகுப்பினரின் சுயநலத்தை எடுத்துக்காட்டுகிறது. காவலர் வண்டியை அனுப்பிவைக்கவிருந்த தறுவாயில் சேவல் கூவியது."

எழுதி முடித்ததும் கொப்பியைத் தூரத்தில் பிடித்து ரசித்தேன். கையெழுத்து மிகவும் நன்றாக வந்திருந்தது.

திங்கட்கிழமை ரீச்சர் வரவில்லை. மலேரியா. அதிபர் வந்து, "சுகந்தி, நீ சொல்லு, மற்றவை எழுதுங்கோ," என்றுவிட்டுப் போனார். ஒன்பதாம் தாள் வரை நடுங்காமல் வாசித்தேன். பத்தாவது வந்தது. உரல், உலக்கை, கோழி. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது தலைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. பாஸ் பற்றி வந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ அனுதாபத்தோடு "ச்சூ" கொட்டினார்கள். சேவல் கூவியதும் ரவீந்திரன் பேனையை வைத்துவிட்டான்.

"விசர் ராசா. சேவலின்ரை வாயைத் துணியாலை கட்டியிருக்கலாமே? நாங்கள் அப்பிடித்தான் கொண்டந்தனாங்கள்."

"அவை பணக்காரர். அவைக்கு எங்கை உது தெரியும்," என்றாள் இன்னொருத்தி.

நிர்மலா மட்டும் எழுதி முடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ பெருமூச்சு விட்டாள். "வரலாறு எண்டா உப்பிடி இருக்கோணும். என்ரையிலை ஒரு கோழி கூட இல்லை," என்றாள்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. எங்கள் வகுப்புக் கொப்பிகளைக் காலைப் பாடசாலைப் பிள்ளைகள் இரவல் வாங்கினார்கள். அவர்களிடமிருந்து ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு இடம்பெயர்ந்த பாடசாலைக்குப் போனது. என் கோழிகள் நான் போகாத இடங்களுக்கெல்லாம் போயின. சித்தப்பாவின் போத்தலில் தாளைக் கண்டபிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ரீச்சர் காய்ச்சல் மாறி வந்து தாள்களைக் கேட்டபோது, "இன்னும் ஒருக்கால் சரிபாக்கோணும் ரீச்சர்," என்றேன். "கெட்டிக்காரி," என்று தலையைத் தடவினார். அந்தத் தடவல் எனக்கு அடியைவிட வலித்தது.

பிறகு அந்த நாள் வந்தது. கல்வித் திணைக்களத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் பாடசாலையைப் பார்க்க வருகிறார் என்று அதிபர் சொன்னார். ரீச்சர் எங்களைக் கூட்டி வைத்துக் கதைத்தார். "பிள்ளையள், இவரிட்டைத்தான் பாடப்புத்தகம் கேக்கப்போறன். நல்லாப் படிக்கிற வகுப்பெண்டு கண்டாரெண்டால் பத்துப் புத்தகமாவது தருவார். என்னை மானம் கெடுத்திப் போடாதேங்கோ."

நாங்கள் கொட்டிலைக் கூட்டினோம். கிடுகுக்குள் இருந்த பல்லிகளைத் துரத்தினோம். அதிபரின் கதிரையைக் கொண்டுவந்து போட்டோம். பெரியவர் வெள்ளைச் சேட்டும் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்போல இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன படிக்கிறியள்?"

"பிரான்சியப் புரட்சி, ஐயா!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"அப்ப சொல்லுங்கோ பாப்பம். தப்பி ஓடின அரசர் ஏன் பிடிபட்டவர்?"

உலகத்தில் கேட்பதற்கு எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. முப்பது கைகள் உயர்ந்தன. என் கை மட்டும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரீச்சர் பெருமையோடு நிர்மலாவைக் காட்டினார். நிர்மலா எழுந்து, பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டு, கணீரென்று தொடங்கினாள்.

"அரசர் பிடிபட்டமைக்கான காரணங்கள் நான்கு. ஒன்று, அரசி உரலை ஏற்றியமை."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதை?"

"உரல், ஐயா. இரண்டு, உலக்கையை மறந்தமையால் வண்டி திரும்பிச் சென்றமை. மூன்று, பிணை நிற்க ஆளில்லாமை. நான்கு, சேவல் கூவியமை."

ரீச்சரின் வாய் திறந்தபடி இருந்தது. பெரியவர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் எங்களைப் பார்த்தார். ரவீந்திரன், உதவி செய்கிற நல்லெண்ணத்தில், எழும்பிச் சொன்னான்: "மொத்தம் அஞ்சு கோழி, ஐயா. சேவல் ஒண்டுதான்."

"இது எந்தப் புத்தகத்திலை கிடக்கு?" என்றார் பெரியவர்.

"எங்கடை ரீச்சரின்ரை புத்தகத்திலை!" என்றது வகுப்பு, விசுவாசத்தோடு.

ரீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சுகந்தி, அந்தத் தாளுகளைக் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே எண்ணினார். "பதினாலு தந்தனான். பதின்மூண்டு கிடக்கு." கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளை எண்ணி ஒன்று குறைந்தால் கேட்கிற குரலில் சொன்னார். நான் அழத் தொடங்கினேன். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்: கல், சித்தப்பா, பெற்றோல் போத்தல், அம்மாவின் உரல், அப்பாவின் பாஸ். நடுவில் மூக்கும் ஓடியது. சொல்லி முடித்தபோது நிர்மலாவின் பார்வை என் முதுகில் நெருப்பாகச் சுட்டது. பாவம், அத்தனை பேருக்கு முன்னால் மானம் போனது அவளுக்குத்தான்.

"சொல்லியிருந்தா, எனக்கு நினைவிருக்கிறதைச் சொல்லித் தந்திருப்பனே பிள்ளை," என்றார் ரீச்சர். "இருவது வருசமாப் படிப்பிக்கிறன். அந்தத் தாள் என்ரை தலைக்குள்ளையும் கிடந்ததே."

இது எனக்குத் தோன்றவே இல்லை. தாள் போனால் உலகமே போனது என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை நாள் பயந்து செத்ததெல்லாம் வீண் என்று விளங்கியபோது இன்னும் சத்தமாக அழுதேன்.

ரீச்சர் பெரியவரின் பக்கம் திரும்பி, மானத்தை மீட்கும் கடைசி முயற்சியாகச் சொன்னார்: "ஐயா, ஒண்டு சொல்லோணும். வண்டி பாரம் எண்டது உண்மை. தேவையில்லாத சாமான் எல்லாம் ஏத்தினவை. வெளிக்கிடச் சுணங்கினதும் உண்மை. வழியிலை வண்டி பழுதானதும் உண்மை. பாஸும் கள்ளப் பாஸ்தான், வேறை ஆக்களின்ரை பேரிலை எடுத்தது. காசிலை அடிச்சிருந்த முகத்தை வைச்சு ராசாவைப் பிடிச்சதெண்டு சொல்லுவினம். இந்தப் பிள்ளை பிழையா எழுதினது உரலும் உலக்கையும் பிணையும் கோழியும்தான்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தோள்கள் குலுங்குவதைக் கண்டபிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துவிட்டு அதிபரைக் கூப்பிட்டார்.

"இந்த வகுப்புக்கு உடனை புத்தகம் அனுப்போணும். சுணங்கினமெண்டா அடுத்த தவணை இங்கிலாந்து மகாராணியும் ஆட்டுக்குட்டியோடை வெளிக்கிட்டிடுவா."

புத்தகங்கள் வந்தன. பத்து அல்ல, ஏழு. நால்வருக்கு ஒன்று என்று வைத்தாலும் காணாது. ஆனாலும் அவை வந்த அன்று ரீச்சர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பிறகு என் சொந்தப் பரீட்சை முடிவுக்குக்கூட வரவில்லை.

தண்டனை இல்லாமல் போகவில்லை. கோழிகள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் நானே சைக்கிளில் போய் அவற்றைத் திருப்பி எடுக்கவேண்டும் என்றார் ரீச்சர். மூன்று சனிக்கிழமைகள் அலைந்தேன். முன்பின் தெரியாத மேலதிக வகுப்புகளில் போய் நின்று, "மன்னிக்கோணும், அந்தக் கோழிகளை வெட்டி விடுங்கோ," என்று சொன்னேன். ஓர் இடத்தில் ஒரு பெடியன், "உரலை விடலாமோ?" என்று கேட்டான். இன்னோர் இடத்தில், நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து சேவல் கூவியது. அது மனிதச் சேவல். அன்று முதல் புதுக்குடியிருப்புச் சந்தையடியில் நான் போனால் யாராவது கூவுவார்கள். நிர்மலாவோ தன் கொப்பியில் கைவைக்கவே விடவில்லை.

"நான் பாடமாக்கியிட்டன். இனி எடுக்கேலாது. நீ தந்த கோழி, எனக்குத்தான்," என்று கொப்பியை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் வாரம் கதைத்தாள். நிலக்கரி பற்றி ஒரு சந்தேகம் வந்ததால்.

தவணை முடிவில் ரீச்சர் புத்தகத்தை மறுபடி தைத்தார். பத்தாம் தாளின் இடத்தில், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய தாள் போனது. அழகாக எழுதினேன். ஆனால் தூரத்தில் பிடித்து ரசிக்கவில்லை.

பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. அந்தப் புத்தகமும் போயிற்று, எங்கள் கொப்பிகளும் போயின, உரலும் போயிற்று. அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நான் மட்டும் எப்படியோ வரலாற்று ஆசிரியையாகிவிட்டேன். (சிரிக்கவேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) கிளிநொச்சியில், நல்ல கூரையும் கதவும் உள்ள வகுப்பறையில், ஆளுக்கொரு புத்தகம் வைத்திருக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது பயணம் வெளிக்கிட்டால் இன்றும் அப்பா வாசலில் நின்று பையைத் தூக்கிப் பார்ப்பார். பாரமாக இருந்தால், "ராசா பிடிபடப் போறார்," என்பார். அம்மா முறைப்பார்.

சென்ற வருடம் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிரான்சிய அரசர் தப்பியோடிய கேள்வி. பாரமான வண்டி, சரி. தாமதம், சரி. போலிப் பத்திரம், சரி. அடுத்த வரியில் என் சிவப்புப் பேனை நின்றுவிட்டது: "மேலும் வண்டியில் ஐந்து கோழிகள் இருந்தன."

அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை.

"இதை ஆர் சொல்லித் தந்தது?"

"அம்மாதான், ரீச்சர். புத்தகத்திலை இல்லையாம், ஆனா உண்மையாம். கட்டாயம் எழுதச் சொன்னவா."

"அம்மாவுக்கு என்ன பேர்?"

"நிர்மலா."

ஒரு கொப்பியும் மிஞ்சாத இடத்தில் என் ஐந்து கோழிகளும் உயிரோடு இருந்தன. நிர்மலாவும் இருந்தாள். பத்து வருடங்களுக்கு மேலாக அவள் எங்கே, எப்படி என்று தெரியாமல் இருந்தேன். பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று யன்னல் பக்கம் திரும்பினேன். பிறகு அந்த வரியைச் சிவப்பால் வெட்டாமல், பக்கத்தில் மதிப்பெண்ணாக அரைப் புள்ளி போட்டேன். இது பரீட்சை விதிகளுக்கு முற்றிலும் முரணானது என்பது எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம், நடந்ததை வீட்டில் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்தார். "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையையும் தாயையும் சாப்பிட வரச்சொல்லு," என்றார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். அவருடைய முகத்தில் ஓர் ஆழ்ந்த அதிருப்தி தெரிந்தது.

"அஞ்சு கோழிக்கு அரைப் புள்ளியோ? கோழிக்கு அரை எண்டு பாத்தாலும் ரெண்டரை வரவேணுமே, பிள்ளை."